கம்ப்யூட்டர் வாங்கிய மார்க்

சகலை புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதைக்கூட இன்ஜினியர் பொறுத்துக்கொண்டிருப்பார். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிட்டான் என்பதைத்தான் அவரால் செரிக்க முடியவில்லை.

‘இன்ஜினியர்’ என்பது மாமனார் வீட்டில் கொடுத்த பட்டம். தொழிலால் அவர் கட்டட வரைபடக்காரர். டிப்ளமாவோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவர். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுப் பிரிண்டரில் சிக்கிக்கிடந்த காகிதத்தை உருவி எடுத்தார். “எங்க பெரிய மாப்பிள்ளை இன்ஜினியராச்சே!” என்று மாமியார் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்ல, பட்டம் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து பதினாறு வருடமாக அந்தக் குடும்பத்தில் போன் வாங்கினாலும், டிவி வாங்கினாலும், வைஃபை பெட்டியை எந்த மூலையில் மாட்டுவது என்றாலும் கேள்வி அவரிடம்தான் வரும். அவரும் சட்டென்று பதில் சொல்லிவிட மாட்டார். கண்ணை மூடித் தாடையைத் தடவி, “பாத்துட்டுச் சொல்றேன்” என்பார். உடனே சொன்னால் யாருக்கும் தெரிந்த விஷயம் போல ஆகிவிடும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சகலை போனை எடுத்துப் படம் காட்டினான். ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே நீலமும் ஊதாவுமாக விளக்குகள். சகலை என்பவன் மனைவியின் தங்கை புருஷன். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் கிளை மேலாளர். சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. கோபப்படக்கூட இடம் கொடுக்காத ஆள். அதுவே ஒரு கோபம்.

“எப்படிண்ணே இருக்கு?”

“என்ன வேலைக்குத் தம்பி இவ்ளோ பெருசு?”

“வேலைன்னு ஒண்ணும் இல்லண்ணே. ஆபீஸ் மெயில் பாப்பேன், அப்பப்ப சீட்டு ஆடுவேன். வீட்ல ஒண்ணு இருக்கட்டுமேன்னு சும்மா வாங்கினேன்.”

சும்மா! இன்ஜினியர் உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். அவர் வீட்டு முன்னறையில் எட்டு வருடத்துக் கம்ப்யூட்டர் ஒன்று, பக்கத்து மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, டேபிள் ஃபேன் காற்றில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. இவனோ சீட்டாட வாங்கியிருக்கிறான்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாத்துச் சொல்லியிருப்பேனே.”

“உங்களுக்கு ஏன்ணே தொந்தரவுன்னுதான். கடைக்காரன் எடுத்துக் குடுத்தான், வாங்கிட்டேன்.”

கடைக்காரன் எடுத்துக் கொடுத்தானாம். பதினாறு வருடத்து அனுபவத்தை எவனோ ஒரு கடைக்காரன் ஐந்து நிமிடத்தில் ஓரம் கட்டிவிட்டான். மாமியார் அந்தப் படத்தைத் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை பார்த்தார். இன்ஜினியர் மோரை வேண்டாம் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

இதோடு போயிருந்தால் அவருடைய வயிற்றெரிச்சல் இரண்டு நாளில் அடங்கியிருக்கும். ஆனால் திங்கட்கிழமை காலையில் சகலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டான். கம்ப்யூட்டரின் வேகத்தை அளந்து எண் கொடுக்கும் ஒரு மென்பொருள் உண்டு. அதை ஓட்டிப் பார்த்திருக்கிறான். திரை நடுவே கொட்டை எழுத்தில் 4,812. கீழே, ‘நல்லா வந்திருக்கா?’ என்று அப்பாவி மாதிரி ஒரு கேள்வி.

மாமனார் முப்பத்துநான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம்தான் அவரை விட்டது, அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. மாமியார் வைக்கும் சாப்பாட்டுக்கு மார்க் போடுவார். தபால்காரர் வரும் நேரத்துக்கு மார்க் போடுவார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளுக்கு மார்க் போட்ட தாள் இன்னும் அலமாரியில் இருப்பதாகக் கேள்வி. கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எண் என்றால் தெரியும். பத்து நிமிடத்தில் குழுவில் அவர் எழுதினார்: ‘சிறப்பு. பெரிய மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் எத்தனை மார்க்?’

இன்ஜினியர் ஓட்டிப் பார்த்தார். 1,106.

அதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி அஞ்சல் அலுவலகத்தில் கவுண்டரில் வேலை செய்பவள், கிளம்பும் அவசரத்தில் எட்டிப் பார்த்து, “அப்பா கேட்டாரே, போடலயா?” என்றாள்.

“இதெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு.”

“அப்ப ஏன் மூணு தடவ ஓட்டிப் பாத்தீங்க?”

அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் மும்முரமாக ஓடினால் அடுப்படி வரை கேட்கும்.

இத்தனைக்கும் அந்த வாரம் அவர் மார்க்கைப் பற்றி நினைக்கவே கூடாத வாரம். பல் டாக்டரம்மா ஒருவர் புது கிளினிக் கட்டுகிறார். வரைபடம் இன்ஜினியருடையது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் அவருடைய மற்ற மூன்று கிளினிக்குகளையும் புதுப்பிக்கும் வேலை இவருக்கு. பிடிக்காவிட்டால் ‘நன்றி, வணக்கம்’. கிளினிக்குக்குள் நடந்து போவது போல நாற்பது வினாடி சினிமா ஒன்று செய்து காட்டுவதாக இவரே ஆசை காட்டியிருந்தார். அதை உருவாக்க எட்டு வருடத்துக் கம்ப்யூட்டர் பத்தொன்பது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளட்டுமே! வியாழக்கிழமை சாயங்காலம் போட்டுவிட்டால் வெள்ளிக்கிழமை மத்தியானம் கையில் இருக்கும். யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. ஆனால் 4,812 என்ற எண் அவர் கண்ணுக்குள் கொட்டை எழுத்திலேயே நின்றது.

செவ்வாய்க்கிழமை உதிரி பாகம் விற்கும் கடைக்குப் போனார். கடையை நடத்துபவர் ஒரு அம்மாள். கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. எட்டு வருடத்துக்கு முன் இவருடைய கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்ததே அவர்தான்.

“அதையே இன்னும் ஓட்டுறீங்களா? பரவாயில்லயே,” என்றார் கடைக்காரம்மா. “ஒண்ணு செய்ங்க. ரேம் இன்னும் ரெண்டு போடுங்க. பழைய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போடுங்க. கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல நல்லதா வந்திருக்கு. அப்படியே பவர் சப்ளையையும் மாத்திட்டா மூணு வருஷம் கவலை இல்ல. உங்க வேலை பாதி நேரத்துல முடியும்.”

“மார்க் எவ்வளவு வரும்?”

“என்ன மார்க்?”

இன்ஜினியர் மென்பொருளின் பேரைச் சொன்னார். கடைக்காரம்மா உதட்டைப் பிதுக்கினார். “உள்ள இருக்கிற பிராசஸர் அதேதானே? பெருசா ஏறாது. ஆனா வேலை ஓடும்.”

வேலை ஓடுவதை வாட்ஸ்அப்பில் போட முடியாதே. அவர் தாடையைத் தடவினார்.

“ஓவர்கிளாக் பண்ணா?”

ஓவர்கிளாக் என்றால், கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை, அதைச் செய்தவர்கள் சொன்ன வேகத்துக்கு மேல் விரட்டுவது. செலவு கிடையாது, நாலு எண்ணை மாற்றினால் போதும். கடைக்காரம்மா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். அது அபூர்வம்.

“புது மெஷின்ல பண்ணா அது விளையாட்டு சார். எட்டு வருஷத்துப் பழசுல பண்ணா வம்பு. வேகம் கூட்டினா வோல்டேஜ் கூட்டணும், வோல்டேஜ் கூட்டினா சூடு ஏறும். உங்க போர்டும் பவர் சப்ளையும் ஏற்கெனவே அரை உசுரு. டப்புனு நின்னு போச்சுன்னாகூட நல்லதுதான், தெரிஞ்சுடும். நிக்காம தப்புத் தப்பாக் கணக்குப் போட்டுட்டே ஓடும் பாருங்க, அதுதான் மோசம். வெளிய ஒண்ணும் தெரியாது.”

“பாத்துக்கிறேன்,” என்றார் இன்ஜினியர். தனக்கே பாடம் எடுக்கிறார்களே என்ற கடுப்பில் கடைசி வாக்கியம் காதில் சரியாக ஏறவில்லை. நின்றால் தெரிந்துவிடும் என்பது மட்டும் ஏறியது.

புதன்கிழமை காலையில் மனைவி வேலைக்குப் போனதும் ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தினால் நீலத் திரை ஒன்று வரும். அதில் பிராசஸரின் வேகம் 3.5 என்று இருந்தது. 3.8 ஆக்கினார். ஓடியது. 4.1. ஓடியது. 4.3-இல் திரை கறுத்தது, வோல்டேஜை ஒரு படி ஏற்றினார், மறுபடி எழுந்தது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு தடவை மார்க் பார்த்தார். படுக்கையறையிலிருந்த நின்றாடும் ஃபேனும் முன்னறைக்கு வந்தது. இரண்டு ஃபேன் காற்றில் மேஜைமேல் இருந்த கிளினிக் வரைபடங்கள் பறக்க, அவற்றின்மேல் தண்ணீர் சொம்பை வைத்தார். 4.4-இல் 1,378 வந்தது.

குழுவில் போட்டார். கூடவே, ‘பழைய மெஷின்தான். கொஞ்சம் கை வைத்தேன்’ என்று அடக்கமாக ஒரு வரி. அந்த அடக்கத்தை எழுத அரைமணி நேரம் பிடித்தது.

சகலை உடனே பதில் போட்டான்: ‘அண்ணே!!! கலக்கிட்டீங்க!!!’ ஆறு ஆச்சரியக்குறியையும் இன்ஜினியர் எண்ணிப் பார்த்தார். பொறாமையாக இருக்குமோ என்று தேடினார். ஒன்றிலும் இல்லை. நிஜமாகவே சந்தோஷப்படுகிறான், பாவி.

மாமனார் எழுதினார்: ‘முன்னேற்றம் தெரிகிறது. மேலும் முயற்சி தேவை.’

மேலும் முயற்சி செய்தார். பிராசஸரை 4.5-க்குத் தள்ளினார். அது போதவில்லை என்று மெமரியின், அதாவது ரேமின், வேகத்தையும் கூட்டினார். 1,439. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. நிற்கவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்! வரைபடங்களை அந்த வேகத்திலேயே திறந்து, அந்த வேகத்திலேயே திருத்தி, அந்த வேகத்திலேயே சேமித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்த மனைவி படுக்கையறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“ஃபேன் எங்க?”

“வேலை செய்யுது.”

“மனுஷங்களுக்குக் காத்து வேணாமா?”

“ரெண்டு நாள். சனிக்கிழமை டாக்டரம்மா வந்துட்டுப் போகட்டும்.”

“அவங்க மார்க் கேட்டாங்களா?”

இன்ஜினியர் ஃபேனைச் சற்றுத் திருப்பி வைத்தார். சில கேள்விகளைக் கேட்காதது போல இருப்பதும் ஒரு இன்ஜினியரிங்தான்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, மழையோ வெயிலோ, வரைபடக் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துவிடுவார். பழைய பிரதிமேலேயே புதிய பிரதி. மூன்று நான்கு பிரதி வைத்துக்கொள்பவர்கள் தன்மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் என்பது அவர் கருத்து. புதன்கிழமை நாலு மணிக்கும் எடுத்தார், வியாழக்கிழமை நாலு மணிக்கும் எடுத்தார். எடுத்துவிட்டு, சினிமாவை உருவாக்கப் போட்டார். பத்தொன்பது மணி நேரம் என்றது பதினைந்து மணி நேரமாகக் குறைந்திருந்தது. சனிக்கிழமை வரப்போகிற டாக்டரம்மாவுக்காக வெள்ளிக்கிழமை நாலு மணி நேரத்தை மிச்சம் பிடித்துவிட்டார். அந்த நாலு மணி நேரத்தை வைத்து என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பல்கூடத் தேய்க்காமல் சினிமாவைப் போட்டுப் பார்த்தார்.

முதல் ஆறு வினாடி அற்புதம். கண்ணாடிக் கதவு திறந்தது, வரவேற்பு மேஜை வந்தது. ஏழாவது வினாடியில் சுவரில் பச்சைக் கட்டங்கள் முளைத்தன. பன்னிரண்டாவது வினாடியில் பல் பிடுங்கும் நாற்காலியின் ஒரு கால் நீண்டுகொண்டே போய் கூரையைத் துளைத்தது. அதற்கப்புறம் கறுப்பு. சரி, திருத்தி மறுபடி போடலாம் என்று மூலக் கோப்பைத் திறந்தார். ‘கோப்பு சேதமடைந்துள்ளது’ என்றது திரை. வெளி டிஸ்க்கிலிருந்த பிரதியைத் திறந்தார். அதே வாசகம், அதே எழுத்து. இரண்டு நாளாகத் தப்புத் தப்பாகக் கணக்குப் போட்டபடியே கம்ப்யூட்டர் சேமித்திருக்கிறது. அதை அவர் மணி தவறாமல் நல்ல பிரதியின்மேல் எழுதியிருக்கிறார்.

எல்லா எண்ணையும் பழையபடி இறக்கிவிடலாம் என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டார். எழவில்லை. மறுபடி போட்டார். ‘சிக்’கென்று ஒரு சத்தம், ரப்பர் கருகும் வாடை. இரண்டு ஃபேனும் அந்த வாடையை வீடு முழுக்கப் பரப்பின.

மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

“எத்தனை மார்க்?”

கடைக்காரம்மா பெட்டியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார், முகர்ந்தார், மூடினார். “பவர் சப்ளை போயிருக்கு. போகும்போது போர்டையும் கூட்டிட்டுப் போயிருக்கு.” டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டிப் பார்த்தார். டிஸ்க் நன்றாக இருந்தது. உள்ளே இருந்த கிளினிக்தான் இல்லை. “மெமரி வேகத்தையும் கூட்டினீங்களா?”

“கொஞ்சம்.”

“ம்,” என்றார் கடைக்காரம்மா. ‘நான்தான் சொன்னேனே’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். “போர்டு வர திங்கட்கிழமை ஆகும்.”

டாக்டரம்மா நாளைக்குப் பதினோரு மணிக்கு வருகிறார். கையில் இருந்தது சொம்புத் தண்ணீர் வட்டம் பதிந்த காகித வரைபடங்கள் மட்டும். அவற்றைப் பார்த்து முதலிலிருந்து வரையலாம். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தால் முடியும். ஆனால் எதில் வரைவது?

மனைவி அன்று விடுப்பு எடுத்திருந்தாள். “தங்கச்சி வீட்டுல இருக்கே ஒண்ணு.”

“செத்தாலும் போகமாட்டேன்.”

“செத்தாப் போக வேணாம். இருக்கிற வரைக்கும்தான் வேலை. மூணு கிளினிக்கு வேணுமா, ரோஷம் வேணுமா, நீங்களே சொல்லுங்க.”

இரண்டும் வேண்டும் என்பதுதான் அவர் நிலைப்பாடு. ஆனால் மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

போகும் வழியில் அவர் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டார். மின்சாரம் ஏறி இறங்கியதில் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது, இயற்கையின் விளையாட்டு, யார்மேலும் குற்றம் இல்லை. மச்சினி கதவைத் திறந்தாள்.

“வாங்க மாமா! அக்கா போன்ல எல்லாம் சொன்னா. மார்க்குக்காகச் சூடு ஏத்தி வெடிச்சிடுச்சாமே?”

இன்ஜினியர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரிலிருந்த நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

சகலை இவருக்காக அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டிலேயே இருந்தான். நாற்காலியைத் துடைத்தான். முதுகுக்குத் தலையணை கொண்டுவந்து வைத்தான். “உங்களுக்கு இல்லாததாண்ணே! ராத்திரி வரைக்கும் வச்சுக்குங்க. நான் சீட்டை நாளைக்கு ஆடிக்கிறேன்.”

ஒருவன் நம்மை அவமானப்படுத்தினால் அவனை வெறுத்துவிட்டுப் போகலாம். தலையணை கொண்டுவந்து வைப்பவனை என்ன செய்வது? இன்ஜினியர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வரைய ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அவருக்குள் புதிதாக ஒரு வேதனை புறப்பட்டது. அந்தக் கம்ப்யூட்டர் சத்தமே போடவில்லை. சுவரை நகர்த்தினால் சுவர் நகர்ந்தது. நாற்காலியைத் திருப்பினால் நாற்காலி திரும்பியது. அவருடைய பழைய மெஷினில் ஒரு சுவரை நகர்த்திவிட்டு முகம் கழுவிவிட்டு வரலாம். இதுவோ அவர் நினைக்கிற வேகத்துக்கு முன்னால் போய் நின்று, ‘அடுத்து என்ன?’ என்றது. ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்து கண்ணாடிப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே நீல விளக்கு ஊதாவானது. சீட்டாடுபவன் வீட்டில் இப்படி ஒன்று பிறந்திருக்கிறதே! பணக்கார வீட்டுக்குப் போன பெண்ணைத் தூரத்து உறவினர் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

சகலை பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். திடீரென்று போனில் ஒரு சத்தம். குடும்பக் குழுவில் படம்: சகலையின் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் இன்ஜினியரின் முதுகு. ‘அண்ணன் என் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார். பெருமை!’

மாமனார்: ‘கூட்டு முயற்சி. நன்று.’

கூட்டாம்! கதவு, ஜன்னல், தண்ணீர்க் குழாய், மின்சாரப் பெட்டி எல்லாம் இவர் மூளையிலிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்க, விளக்கு எரிவது மட்டும் சகலையின் பங்கு. அதற்குப் பேர் கூட்டு.

சாயங்காலம் ஆறரைக்கு வரைந்து முடித்துச் சினிமாவைப் போட்டார். திரையின் கீழே மீதி நேரம் வந்தது: ஐம்பத்திரண்டு நிமிடம். பத்தொன்பது மணி நேரம் எங்கே, ஐம்பத்திரண்டு நிமிடம் எங்கே! அவருக்கு அழுகையே வந்தது.

அப்போதுதான் சகலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தான். குரல் தாழ்ந்திருந்தது. “அண்ணே, ஒண்ணு கேக்கவா? உங்க பழசையே முன்னூறு மார்க்குக்கு மேல ஏத்தியிருந்தீங்களாமே. இதையும் கொஞ்சம் ஏத்திக் குடுங்களேன். ஐயாயிரம் தாண்டிட்டா மாமாகிட்ட சொல்லிக்கலாம்.”

இன்ஜினியர் அவனைப் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். நாலு எண்ணை மாற்றினால் போதும். கொஞ்சம் தாராளமாகவே மாற்றலாம். கேட்டது அவன், செய்தது அன்பு, கருகினால் விதி. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ந்த காற்று வீசியது. கீழே ஐம்பத்தொரு நிமிடம் ஐம்பதானது. உள்ளே ஓடிக்கொண்டிருப்பது தன்னுடைய கிளினிக் என்பது அவருக்கு நல்லவேளையாக ஞாபகம் வந்தது.

கண்ணை மூடித் தாடையைத் தடவினார். “வேணாம் தம்பி. இதுக்கெல்லாம் ரொம்ப அனுபவம் வேணும்.”

“அப்படியாண்ணே?” என்றான் சகலை, மரியாதையோடு. அந்த வாரத்தில் முதல் தடவையாக இன்ஜினியருக்கு மூச்சு இலகுவாக வந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டரம்மாவைச் சகலை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார்கள். வந்தவர் அறைக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“ஐயோ, இது என்ன! மீன் தொட்டியா?”

“கம்ப்யூட்டருங்க,” என்றான் சகலை.

“எவ்ளோ அழகா இருக்கு!”

இன்ஜினியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சினிமாவை ஓட்டினார். கண்ணாடிக் கதவு திறந்தது; வரவேற்பு மேஜை வந்தது; வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்தது. அந்தச் சாய்வுக்காக அவர் ஒன்றரை மணி நேரம் மெனக்கெட்டிருந்தார். நாற்காலியின் நான்கு கால்களும் தரையிலேயே இருந்தன. டாக்டரம்மா முதல் பத்து வினாடி திரையைப் பார்த்தார். பிறகு பார்வை மெல்ல நழுவிக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனது. ஊதா, நீலம், பச்சை.

சினிமா முடிந்தது.

“நல்லா இருக்கு,” என்றார் டாக்டரம்மா. “எனக்கு இந்த சினிமா எல்லாம் புரியாது சார். பேப்பர்ல போட்டது இருக்கா? கை கழுவுற இடம் நாற்காலிக்கு எந்தப் பக்கம் வருது? போன தடவ கட்டினவர் முதுகுக்குப் பின்னால வச்சுட்டாரு. எட்டு வருஷமா ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சுத்து சுத்துறேன்.”

இன்ஜினியர் காகித வரைபடத்தை விரித்தார். டாக்டரம்மா அதன்மேல் குனிந்து, வலது கையை ஒரு தடவை, இடது கையை ஒரு தடவை காற்றில் நீட்டிப் பார்த்தார். இல்லாத நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குழாயைத் திறப்பது போல மணிக்கட்டைத் திருப்பினார். “சரியா இருக்கு. கை எட்டுது. இப்படியே கட்டிடலாம். மத்த மூணையும் நீங்களே வரைஞ்சிடுங்க.”

அவ்வளவுதான். மூன்று கிளினிக்கும் கிடைத்துவிட்டன. தண்ணீர் வட்டம் பதிந்த ஒரு காகிதம் வாங்கிக் கொடுத்துவிட்டது. இன்ஜினியர் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார். டாக்டரம்மா அதற்குள் சகலை பக்கம் திரும்பியிருந்தார்.

“இது எந்தக் கடையில சார் வாங்கினீங்க? வெயிட்டிங் ரூம்ல ஒண்ணு வச்சா குழந்தைங்க அழாம உக்காரும்.”

சகலை விலாசம் எழுதிக் கொடுத்தான். வாசல்வரை போன டாக்டரம்மா திரும்பி வந்து, “விளக்கு கலரை நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்ஜினியரும் மனைவியும் வீட்டுக்கு நடந்தார்கள். போர்டோடு ரேமும் எஸ்எஸ்டியும் கடைக்காரம்மாவிடம் சொல்லிவிட்டதாக மனைவி சொன்னாள். அவர் தலையாட்டினார்.

“வேலை கிடைச்சிடுச்சில்ல? அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க?”

“அந்தக் கம்ப்யூட்டரைப் பத்தி அவங்க மூணு தடவ கேட்டாங்க.”

“அதுக்கு?”

“வரைபடத்தைப் பத்தி ஒரே தடவதான்.”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டடி முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.